கதவின் எந்தப் பக்கம்

மார்ச் 3

ஒட்டடை,

பழைய பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதால் கோபம் ஆறிவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. வேறு எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை, அவ்வளவுதான். 'அன்புள்ள தம்பிக்கு' என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். பார்க்கச் சகிக்கவில்லை. கிழித்துப் போட்டுவிட்டேன்.

உன் சிகிச்சை இல்லத்திலிருந்து டாக்டரம்மா போன் செய்தார். மண்டைக் காயம் ஆறிவிட்டதாம். நடக்கிறாயாம், வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயாம். அடுத்த மாதக் கடைசியில் அனுப்பிவிடலாமாம். ஆனால் தனியாக விட முடியாது, குடும்பத்தில் யாராவது பொறுப்பேற்றுக் கூட்டிப் போகவேண்டும் என்றார். குடும்பம் என்று உனக்கு மிச்சமிருப்பது நான்தானே. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். "பக்கத்துலதான் இருக்கார், ஒரு வார்த்தை பேசுறீங்களா?" என்றார். வேண்டாம் என்று வைத்துவிட்டேன். உன் குரலைக் கேட்டால் எனக்கு வாய் வராது. வந்தால் நிற்காது. ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் என்ன கத்து கத்தினேன் என்பது உனக்கு நினைவிருக்கிறதோ இல்லையோ, அந்த மாடியில் படுத்திருந்த எல்லோருக்கும் இருக்கும். அதனால்தான் எழுதுகிறேன்.

உனக்கு ஒன்றும் ஞாபகமில்லை என்கிறார்கள். அதனால் எனக்குத் தெரிந்ததை நான் சொல்கிறேன். அன்றைக்கு விடுமுறை நாள். குளிர்க்கிடங்கில் வாசல் காவலாளியை விட்டால் நீயும் உன் அத்தானும் மட்டும்தான் வேலைக்குப் போயிருந்தீர்கள். அவர் பெட்டிகளை எடுக்க ஃப்ரீசர் அறைக்குள் போயிருக்கிறார். நீ வெளியே. சாயங்கால ஆட்கள் வந்து பார்த்தபோது அறைக் கதவு மூடியிருந்தது. நீ அதற்கு முன்னால் தரையில் மண்டை உடைந்து கிடந்தாய். அவர் உள்ளே, கதவு நிலையில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தபடியே இருந்தார். உட்கார்ந்தபடியே என்றால் புரிகிறதா? இதற்கு மேல் அதை எழுத என் கை வரவில்லை.

அந்த அறையின் கடைசியில் ஒரு மணிக்கயிறு தொங்குகிறது. இழுத்தால் காவலாளி அறையில் மணி அடிக்கும். விசாரணைக்கு வந்தவர்கள் இழுத்துப் பார்த்தார்கள், நன்றாகவே அடித்தது. அவர் அதை இழுக்கவே இல்லை. எழுந்து போய்க் கையை நீட்டியிருந்தால் இன்றைக்கு என் எதிரில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். ஏன் இழுக்கவில்லை? கண்ணாடிக் கடையில் லென்ஸைத் துடைக்கும்போதும் இதுதான், வீட்டில் தட்டைக் கழுவும்போதும் இதுதான். வேறு நினைப்பே இல்லை.

அந்தக் கதவுப் பக்கம் இருந்த ஒரே ஆள் நீ. கதவை ஏன் மூடினாய்? விழுவதற்கு முன்னால் என்ன நடந்தது? இதைத் தெரிந்துகொள்ளாமல் என் வீட்டில் உன்னை வைத்துச் சோறு போட என்னால் முடியாது. "மாமா எப்போ வருவாங்க?" என்று வாலு கேட்கிறாள். பள்ளிக்கு நேரமாகிவிட்டது என்று அவளை அனுப்பிவிடுகிறேன்.

அக்கா


மார்ச் 9

அன்புள்ள அக்கா,

நீ 'ஒட்டடை' என்று எழுதியிருந்ததைப் பார்த்து அழுதேன். அப்புறம்தான் மீதியைப் படித்தேன்.

ஞாபகமில்லை என்று சொன்னால் பொய் சொல்கிறேன் என்று நினைப்பாய். எனக்கே சில நேரம் அப்படித்தான் தோன்றுகிறது. ஏனென்றால் நிறைய விஷயம் தெரிகிறது. உன் கல்யாணம் என்றைக்கு என்று கேட்டால் டக்கென்று சொல்வேன். அன்றைக்கு மழை பெய்தது, போட்டோக்காரர் தாமதமாக வந்தார், நான் மாடிப்படியில் வழுக்கிப் புதுச் சட்டையைக் கிழித்துக்கொண்டேன். எல்லாம் தெரியும். ஆனால் பரீட்சைக்குப் படித்து வைத்த மாதிரி தெரியும். அந்த மழையில் நான் நனையவில்லை. அந்தப் படியில் என்னைத் தேடிப் பார்க்கிறேன், நான் அங்கே இல்லை. வேறு யாரோ ஒரு ஒட்டடைக்குச்சி விழுகிறான், அவன் முதுகு மட்டும் தெரிகிறது.

வேலை விஷயம் இதற்கு நேர் எதிர். இரண்டு சாக்ஸ் போட்டு அதற்கு மேல் ரப்பர் பூட்ஸ் மாட்டுவது, தொப்பி ஜிப் பாதியில் சிக்குவது, கண் இமையில் பனி உறைவது, எல்லாம் உடம்புக்கு அப்படியே தெரிகிறது. ஆனால் அதெல்லாம் 'தினமும்'. 'அன்றைக்கு' என்று ஒரு நாளைத் தனியாக எடுக்கப் போனால் வரமாட்டேன் என்கிறது. எந்த நாளைத் தொட்டாலும் எல்லா நாளும் சேர்ந்து வருகிறது.

கதவை ஏன் மூடினாய் என்று கேட்கிறாய். எப்போதும் மூடித்தான் வைப்போம் அக்கா. திறந்திருந்தால் குளிர் வெளியே போகும், எச்சரிக்கை பஸ்ஸர் அலறும், சூப்பர்வைசர் வந்து குதிப்பார். இன்னொன்றும் உனக்குத் தெரியாது. நீ பயப்படுவாய் என்று அத்தான் சொல்லவில்லை, என்னையும் சொல்லவிடவில்லை. உள்ளேயிருந்து திறக்கும் குமிழ் பல மாதமாக வேலை செய்யவில்லை. கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோனோம். அதனால் நாங்களே ஒரு பழக்கம் வைத்துக்கொண்டோம். ஒருவர் உள்ளே போனால் மற்றவர் கதவை விட்டு நகரக்கூடாது. உள்ளே இருப்பவர் பெட்டி இழுக்கும் கொக்கியால் இரும்பு நிலையில் இரண்டு தட்டு தட்டுவார். 'நான் நல்லா இருக்கேன்' என்று அர்த்தம். வெளியே இருப்பவர் இரண்டு தட்டு திருப்பித் தட்டவேண்டும். 'நானும் இங்கேதான் இருக்கேன்.' மூன்று தட்டினால் 'திற'. நாங்கள் இரண்டு பேர் மட்டும் வைத்துக்கொண்ட பழக்கம் இது. வேறு யாருக்கும் தெரியாது, விசாரணைக்காரர்களும் கேட்கவில்லை. மணிக்கயிற்றை இழுத்தால் மெஷின் நின்றுபோகும், பெரிய ரகளை ஆகும், விளக்கம் எழுதித் தரவேண்டும். அதனால் அதை அவ்வளவு சுலபத்தில் யாரும் தொடமாட்டோம்.

இப்போது பயமான விஷயத்துக்கு வருகிறேன். தட்டும் சத்தம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அது 'தினமும்' கேட்ட சத்தம் இல்லை. அதில் ஏதோ தப்பாக இருக்கிறது. ரொம்ப நேரம் தட்டுகிறார்கள். இருட்டு, குளிர். ஆனால் தட்டுவது நானா, கேட்டுக்கொண்டிருப்பது நானா என்று தெரியவில்லை. கதவின் எந்தப் பக்கம் இருந்தேன் என்று தெரியவில்லை. என்னை வெளியேதான் கண்டெடுத்தார்கள் என்று நீ எழுதியிருக்கிறாய். அப்படியானால் நான் கேட்டுக்கொண்டிருந்தேனா? கேட்டும் திறக்காமல் இருந்தேனா? இந்த வரியை மூன்று தடவை அடித்து அடித்து எழுதினேன். எழுத்து கோணலாக இருந்தால் மன்னித்துக்கொள்.

தம்பி


மார்ச் 14

ஒட்டடை,

குமிழ் உடைந்தது உங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். எனக்குத்தான் தெரியாது. தினமும் காலையில் டிபன் டப்பாவைக் கையில் கொடுத்து அனுப்பினேனே, அந்த மனுஷன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக்கூடாதா? நீயாவது சொல்லியிருக்கக்கூடாதா? நான் பயப்படுவேனாம். இப்போது ரொம்பத் தைரியமாக இருக்கிறேன் பார்.

கோபத்தில் உன் கடிதத்தை அலமாரியில் போட்டுப் பூட்டினேன். அப்புறம் எடுத்துப் படித்தேன். அப்புறம் மறுபடி படித்தேன்.

தட்டிய சத்தத்தைப் பற்றி ஒன்று சொல்கிறேன். ஆஸ்பத்திரியில் உன் வலது கையைப் பார்த்தேன். முட்டியெல்லாம் தோல் கழன்று ரணமாக இருந்தது. விழுந்ததில் பட்டிருக்கும் என்று நர்ஸ் சொன்னாள். விழுகிறவன் கையை விரித்து ஊன்றுவான், முஷ்டியை மடக்கியா விழுவான்? அப்போது எனக்கு யோசிக்கத் தோன்றவில்லை. கதவைத் திறக்க முடியாமல் குத்தினாயா? அப்படியென்றால் ஏன் திறக்க முடியவில்லை? வெளிப்பக்கப் பிடி நன்றாகத்தானே இருந்தது?

யோசித்துப் பார். நெற்றியைத் தேய்த்துக்கொண்டாவது யோசி. இன்னொன்றும் கேட்கவேண்டும், கேட்கப் பயமாகவும் இருக்கிறது. அவர் ஏதாவது சொன்னாரா? கதவு எவ்வளவு கனமாக இருந்தால் என்ன, கத்தினால் கொஞ்சமாவது கேட்காதா? என்னைப் பற்றி வேண்டாம். வாலுவைப் பற்றி ஏதாவது?

அக்கா


மார்ச் 20

அன்புள்ள அக்கா,

கிடைத்துவிட்டது. நேற்று இங்கே சமையலறைப் பக்கம் போனேன். அவர்களுடைய பெரிய ஃபிரிட்ஜைத் திறந்தார்கள். அந்தக் காற்று முகத்தில் அடித்ததும் அத்தானின் குரல் அப்படியே வந்தது. யாரோ சொல்லித் தெரிந்தது போல இல்லை. நான் அங்கேயே இருந்தேன்.

கதவுக்கு அந்தப் பக்கமிருந்து பேசுகிறார். சிரிப்பு கலந்த குரல், அவருக்கே உரியது. "வாலுகிட்ட சொல்லிடுடா. ஞாயித்துக்கிழமை சைக்கிள் ஓட்டக் கத்துக் குடுக்கிறேன்னு அப்பா சொன்னாருன்னு சொல்லு. நான் மறந்துட்டா நீ ஞாபகப்படுத்து." இதுதான் சொன்னார். வலியில் பேசுகிற மாதிரியே இல்லை அக்கா. பயந்த மாதிரியும் இல்லை.

உன்னிடம் சேர்ப்பிக்க என்னிடம் இதுவாவது இருக்கிறதே என்று நிம்மதியாக இருக்கிறது. முட்டிக் காயம் பற்றி இன்னும் ஒன்றும் வரவில்லை. வரும். இது வந்ததே, அதுவும் வரும்.

தம்பி


மார்ச் 25

ஒட்டடை,

உன் கடிதம் வந்த அன்றைக்குக் கடைக்குப் போகவில்லை. வாசல் கதவைத் தாழ் போட்டுவிட்டு வாய்விட்டு அழுதேன். அவர் போனதிலிருந்து அப்படி அழவில்லை. வாலு பள்ளியிலிருந்து வந்ததும் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துப் படித்துக் காட்டினேன்.

அவள் என்ன சொன்னாள் தெரியுமா? "அம்மா, எனக்குத்தான் சைக்கிள் ஓட்டத் தெரியுமே. அப்பா போன வருஷமே சொல்லிக் குடுத்துட்டாரே."

ஆமாம். போன வருஷம் விடுமுறையில் சொல்லிக் கொடுத்தார், நீயும் பின்னாலேயே ஓடினாய். அது எனக்கே எப்படி மறந்தது? நீ எழுதியது எனக்கு அவ்வளவு வேண்டியிருந்தது. அதனால் யோசிக்காமல் விழுங்கிவிட்டேன்.

உன்னைத் திட்டி நாலு பக்கம் எழுதினேன். அதை அனுப்பவில்லை. ஏன் என்று சொல்கிறேன். அவருடைய கடைசிக் காலை எனக்குக் கண்ணாடி மாதிரி தெளிவாக ஞாபகமிருக்கிறது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். நீலக் கம்பளிச் சட்டை போட்டிருந்தார், வாசலில் நின்று திரும்பிப் பார்த்தார், காலரை நான்தான் சரிசெய்தேன். நேற்று துணிகளை ஒழுங்குபடுத்தினேன். அந்த நீலச் சட்டை கிழிந்த கையோடு தையல்கடைப் பையிலேயே கிடக்கிறது. ரசீதைப் பார்த்தால் அவர் போவதற்கு முந்தின வாரமே கொடுத்தது. அப்படியானால் நான் யாருடைய காலரைச் சரிசெய்தேன்? எனக்கு மண்டையில் அடிபடவில்லையே ஒட்டடை. எனக்கு ஏன் இப்படி?

இனிமேல் எனக்கு ஆறுதலாக எதையும் எழுதாதே. நீ நல்ல எண்ணத்தில்தான் எழுதினாய் என்று தெரியும். ஆனால் பயமாக இருக்கிறது. ஆளுக்கொரு அத்தானைச் செய்து வைத்துக்கொண்டு, உண்மையில் இருந்தவரைத் தொலைத்துவிடுவோம் போலிருக்கிறது.

அக்கா


மார்ச் 31

அக்கா,

நான் பொய் சொல்லவில்லை. அந்தக் குரல் உண்மையாகவே அவருடையதுதான். போன வருஷம் கதவு பாதி திறந்திருந்தபோது அந்தப் பக்கமிருந்து சொல்லியிருக்கிறார். வார்த்தை சரி, ஆள் சரி, இடமும் சரி. நாள் மட்டும் கழன்று வந்து வேறு இடத்தில் ஒட்டிக்கொண்டது. உன் கடிதத்தை டாக்டரம்மாவிடம் காட்டினேன். "உங்களுக்கு நடந்தது தொலையலை, எப்போ நடந்ததுங்கிறதுதான் தொலைஞ்சிருக்கு" என்றார். மூளை இடைவெளியைச் சும்மா விடாதாம், கையில் கிடைத்ததை வைத்து அடைத்துவிடுமாம். அடைத்தது தெரியவும் தெரியாதாம். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கு அன்றிலிருந்து எதையும் நம்பிக் கால் வைக்க முடியவில்லை. காலையில் பல் தேய்த்தேனா என்றுகூடப் பிரஷ்ஷைத் தொட்டு ஈரம் பார்க்கிறேன்.

அதனால் ஒரு முடிவு செய்தேன். இனி கதை சொல்லமாட்டேன். துண்டுதுண்டாக வருவதை அப்படியே எழுதுகிறேன். முன்னும் பின்னும் ஒட்டமாட்டேன். நீயே பார்த்துக்கொள்.

ஒரு சக்கரம். முகத்துக்கு ரொம்பப் பக்கத்தில், சாப்பாட்டுத் தட்டு அளவுக்குப் பெரிதாகத் தெரிகிறது. அதன் அச்சில் பச்சை நிறப் பிளாஸ்டிக் நாடா சுற்றிச் சிக்கியிருக்கிறது. இன்னொன்று, கதவின் அடி ரப்பர். அதில் பனி படிந்து வெள்ளை மீசை மாதிரி இருக்கிறது. நான் அதைக் கீழிருந்து பார்க்கிறேன். தட்டும் சத்தம் காதில் கேட்கவில்லை, தரை வழியாக வந்து பல்லில் கேட்கிறது. வாயில் இரும்பு ருசி. அவ்வளவுதான்.

சிரிக்கிற விஷயம் ஒன்றும் எழுதுகிறேன். பக்கத்து அறையில் தச்சர் வந்து கட்டிலுக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தார். அவர் அடிக்க அடிக்க என் கை தானாகவே சுவரில் பதில் தட்டிக்கொண்டிருந்ததாம். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வேறு எதையோ யோசித்துக்கொண்டிருந்தேன், எனக்குத் தெரியவே இல்லை. வார்டு அண்ணன் பார்த்துவிட்டு, "என்னய்யா, கச்சேரியா?" என்று கேலி செய்தார். என் தலை மறந்தாலும் கை வேலைக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறது போல.

தம்பி


ஏப்ரல் 5

ஒட்டடை,

சக்கரத்தைப் பற்றி நீ எழுதியதை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். தச்சர் கதைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏன் என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை.

சக்கரம் அவ்வளவு பெரிதாகத் தெரியவேண்டும் என்றால் கண் எங்கே இருக்கவேண்டும்? நான் கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள், எனக்கு இது தெரியாதா?

நாளைக்குக் குளிர்க்கிடங்குக்குப் போகிறேன். அவர் பொருட்களை எடுத்துப் போகச் சொல்லி ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். காவலாளி நல்ல மனிதர். அந்தக் கதவு வரைக்கும் விடச் சொல்லிக் கேட்பேன். போய்விட்டு வந்து எழுதுகிறேன்.

அக்கா


ஏப்ரல் 18

அன்புள்ள அக்கா,

போய்விட்டு வந்து எழுதுகிறேன் என்றாய். தினமும் தபால் வரும் நேரத்துக்கு வாசலில் போய் நிற்கிறேன். உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. நீ அங்கே எதையோ பார்த்துவிட்டாய், அதனால்தான் எழுதவில்லை என்று தோன்றியது. அது என்னவென்று எனக்கும் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். நீ சொல்லவேண்டாம். நானே சொல்கிறேன்.

முந்தாநாள் காலையில் குளியலறையில் இருந்தேன். வெளியே வேறு ஆள் காத்திருந்தார் போல. வார்டு அண்ணன் வந்து கதவை மூன்று தட்டு தட்டினார். உள்ளேயிருந்து நான் இரண்டு தட்டினேன். மறுபடி மூன்று தட்டினார். மறுபடி இரண்டு தட்டினேன். துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே தட்டியிருக்கிறேன். கடைசியில் அவர் கதவை உலுக்கி, "யோவ், திறன்னு தட்டினா நீ பாட்டுக்குப் பதில் தட்டிட்டு உள்ளேயே நிக்கிறியே! நீ இருக்கேன்னுதான் தெரியுதே, திறக்க மாட்டியா?" என்று கத்தினார்.

என் கை அப்போதும் சுவரில்தான் இருந்தது. அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டேன். தாழ்ப்பாளை வெளியிலிருந்து நெம்பித்தான் என்னைத் தூக்கினார்கள்.

அக்கா, நான் ஈரத் தரையில் வழுக்கி விழுந்திருப்பேன், அது சரி. ஆனால் மயக்கத்தில் கிடக்கவில்லை, அல்லது முழுசாகக் கிடக்கவில்லை. தரையில் ட்ராலிக்குப் பக்கத்தில் கிடந்து கதவின் அடி ரப்பரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தான் உள்ளேயிருந்து தட்டினார். முதலில் இரண்டு தட்டியிருப்பார். அப்புறம் மூன்று. மூன்று என்றால் 'திற' என்பது என் மண்டைக்குள் போகவே இல்லை. கை மட்டும் கேட்டது. கை இத்தனை வருஷமாகச் செய்ததைச் செய்தது. இரண்டு தட்டியது. 'நான் இங்கேதான் இருக்கேன்.' கொக்கி எங்கேயோ விழுந்திருக்கும், அதனால் முட்டியால் இரும்பில் தட்டியிருக்கிறேன். என் வலது கையை நீ பார்த்தாயே.

ஏன் கயிற்றை இழுக்கவில்லை என்று கேட்டாய். நான் வெளியே இருக்கிறேன் என்று அவருக்குத் தெரியும். ஒவ்வொரு தடவையும் நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். பிடி சிக்கியிருக்கும், பையன் திறக்கப் பார்க்கிறான், இதற்குப் போய் மணியடித்து ரகளை செய்வானேன் என்று நினைத்திருப்பார். உள்ளே குளிர் ஏற ஏற யோசிக்கும் புத்தி மந்தமாகிவிடும், அப்புறம் எழுந்து நடக்கவும் வராது. நான் பேசாமல் கிடந்திருந்தால் அவர் பயந்திருப்பார். பயந்திருந்தால் கயிற்றிடம் போயிருப்பார்.

இதில் மோசமானது எது தெரியுமா? இப்போதும் எனக்கு இது ஞாபகம் வரவில்லை. கணக்குப் போட்டுத்தான் கண்டுபிடித்தேன். உன் கல்யாண மழை மாதிரி இதுவும் தெரிந்த விஷயம், அவ்வளவுதான். நான் செய்ததற்கு நான் அழவேண்டுமானால்கூட அங்கே நான் இருக்கவேண்டாமா? ஒருநாள் அது முழுசாகத் திரும்பி வந்துவிடுமோ என்று பயப்படுகிறேன். வராமலே போய்விடுமோ என்றும் பயப்படுகிறேன்.

என்னைக் கூட்டிக்கொள்ள வேண்டாம். வேறு இல்லத்துக்கு எழுதிக் கேட்கச் சொல்லி டாக்டரம்மாவிடம் சொல்லிவிட்டேன். வாலு மேஜையில் விரலால் தாளம் போடுவாள், என் கை பதில் சொல்லும். அதை நீ பார்க்கவேண்டாம்.

தம்பி


ஏப்ரல் 24

ஒட்டடை,

போனேன். பார்த்தேன். எழுதவில்லை. நீ கண்டுபிடிக்காமலே இருந்துவிட்டால் நானும் சொல்லாமல் இருந்துவிடலாம் என்று நினைத்தேன். என்னையும் உன்னையும் ஒரே நேரத்தில் காப்பாற்றிக்கொள்ளப் பார்த்தேன். நடக்கவில்லை.

காவலாளி கூடவே வந்தார். அதே ட்ராலி அங்கேயே நின்றது. அச்சில் பச்சை நாடா சிக்கியிருக்கிறது, யாரும் அதைப் பிடுங்கக்கூட இல்லை. நான் புடவையோடு தரையில் படுத்தேன். "என்னம்மா பண்றீங்க, எந்திரிங்க" என்று அவர் பதறினார். நீ எழுதியதெல்லாம் அங்கே இருந்தது. சக்கரம் தட்டு அளவுக்கு, ரப்பரில் வெள்ளை மீசை. தலையைக் கொஞ்சம் திருப்பினேன். இரும்பு நிலையில், தரையிலிருந்து ஒரு முழம்கூட இருக்காது, பழுப்பாகக் காய்ந்த கறை. ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் பட்டிருந்தது. கழுவியவர்கள் குனிந்து பார்க்கவில்லை போல. யாரும் அதைப் பார்க்கவேண்டிய உயரத்தில் பார்க்கவில்லை.

அப்புறம் உள்ளே போனேன். குமிழை இப்போது மாற்றிவிட்டார்கள், ஓர் ஆள் செத்த பிறகு. அவர் உட்கார்ந்திருந்த இடத்தில் நிலைக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்தேன். காவலாளியிடம் கதவை மூடிவிட்டு, கீழே அந்தக் கறை இருக்கும் இடத்தில் விரல் முட்டியால் இரண்டு தடவை தட்டச் சொன்னேன். காதுக்கு ஒன்றும் கேட்கவில்லை. முதுகெலும்பில் வந்து விழுந்தது. இரண்டு. குமிழைத் தள்ளிக்கொண்டு வெளியே ஓடிவந்தேன். அவர் ஏன் அங்கேயே உட்கார்ந்திருந்தார் என்று அப்போதே புரிந்துவிட்டது. அங்கே சாய்ந்தால்தான் நீ தட்டுவது கேட்கும்.

எனக்கு உன்மேல் கோபம் இருக்கிறது, மறைக்கப்போவதில்லை. உன் கைமேல் கோபம். அந்தக் குமிழை மாற்றாதவர்கள்மேல் அதைவிடக் கோபம், என்னிடம் சொல்லாமல் போனவர்மேல் எல்லாவற்றையும் விட. ஆனால் இன்னொன்றும் இருக்கிறது. இத்தனை நாளும் அவர் தனியாகத் தட்டித் தட்டி யாரும் பதில் சொல்லாமல் போனார் என்றுதான் நினைத்துச் செத்துக்கொண்டிருந்தேன். பதில் வந்திருக்கிறது. மண்டை உடைந்து கிடந்தவன், கை தோல் உரியும்வரைக்கும் பதில் சொல்லியிருக்கிறான். அதே பதில்தான் அவரைக் கயிற்றிடம் போகவிடாமல் உட்கார வைத்தது. இரண்டும் உண்மை. இரண்டையும் சேர்த்து வைத்துக்கொள்ள எனக்கு இடம் இல்லை. உனக்கும் இருக்காது. ஆளுக்குக் கொஞ்சம் சுமக்கலாம்.

நீ அங்கே இல்லை, உனக்கு ஞாபகமில்லை என்கிறாய். பரவாயில்லை. நான் தரையில் உன் இடத்தில் படுத்தேன், உள்ளே அவர் இடத்தில் உட்கார்ந்தேன். இரண்டு பக்கமும் இப்போது எனக்குத் தெரியும். நீ மறந்துபோனால் நான் சொல்கிறேன். நான் அவருக்கு நீலச் சட்டையை மாட்டி மாற்றிச் சொன்னால் நீ திட்டு.

டாக்டரம்மாவுக்குப் போன் செய்துவிட்டேன். வேறு இல்லமெல்லாம் வேண்டாம். வார்டு அண்ணன் உன்னோடு பஸ்ஸில் கூடவே வருவார், இங்கே நிறுத்தத்தில் வாலு வந்து நிற்பாள், சைக்கிளோடு.

ஒன்றே ஒன்று. வீட்டு வாசலுக்கு வந்ததும் மூன்று தட்டு தட்டு. நான் உள்ளேதான் இருப்பேன். ஆனால் உன் தட்டைக் கேட்டதும் எனக்கு என்ன ஆகும் என்று எனக்கே தெரியவில்லை. எழுந்து வரமுடியாமல் உட்கார்ந்த இடத்திலிருந்து சுவரில் இரண்டு தட்டினாலும் தட்டுவேன். அதை நம்பி வாசலில் நின்றுவிடாதே. கதவு திறக்கும்வரைக்கும் தட்டிக்கொண்டே இரு.

அக்கா